ஒன்றுபோல் ஒன்று: உருவம் கண்டு உறுப்புத் தேடும் கணினி

நம் வீடுகளில் மூலையிலே கிடக்கும் பழைய தகரப் பேணியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஆணிகள், மரையாணிகள், வளையங்கள் எனப் பலவும் கொட்டும். அவற்றுள் இரண்டு ஒன்றுபோலவே தோன்றும். பொருத்திப் பார்த்தாலோ ஒன்று இறுகும், மற்றது வழுகும். தேடிச் சலித்தபின் கடைக்குச் சென்று புதிதாக ஒன்றை வாங்குகிறோம். பேணியில் மேலும் ஒன்று சேர்கிறது. வீட்டிலே இது சிறு தொல்லை. ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கொண்டு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையிலோ இதுவே பெருஞ் செலவாகின்றது. சில வேளைகளில் உயிருக்கும் உலை வைக்கின்றது.

பொருந்தாத குழாய்கள்

1904 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் திகதி அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் தீ மூண்டது. வாஷிங்டன் முதலிய அயல் நகரங்களிலிருந்து தீயணைப்பு வீரர் விரைந்து வந்தனர். வந்தும் பயன் என்ன? அவர்கள் கொணர்ந்த குழாய்களின் வாய், அந்நகரத்துத் தெருக்களிலிருந்த நீர்வாய்களுடன் பொருந்தவில்லை. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்த தீ 1,500 க்கும் அதிகமான கட்டடங்களை விழுங்கிற்று. பின்னர் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் 600 க்கும் மேற்பட்ட குழாய் இணைப்பு வகைகள் வழங்கியமை தெரியவந்தது. எல்லாம் ஒரே தொழிலைச் செய்வன. ஆயினும் ஒன்றோடொன்று சேராதன!

இந்நோய்க்கு மருந்து தராதரம். 1841 இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த் என்பார் மரையாணிப் புரிகளுக்கு 55 பாகைக் கோணத்தை வகுத்தார். 1864 இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார். இரு நாட்டு ஆணிகளும் ஒன்றுக்கொன்று உதவாத இடர்ப்பாடு இரண்டாம் உலகப் போரிலே நன்கு உணரப்பட்டது. 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஒரு பொதுப் புரிக்கு இணங்கின. நம் நாட்டிலும் வட்ட முனைச் செருகியும் சதுர முனைச் செருகியும் கலந்து வழங்கிப் பட்ட அல்லல் யாவரும் அறிந்ததே. 2016 இல் 13 அம்பியர் சதுர முனைச் செருகியே இலங்கையின் தராதரமெனத் தீர்மானிக்கப்பட்டது.

வரைபடக் காடு

ஒரே நிறுவனத்துக்குள்ளே ஒரே உறுப்பு பலமுறை பிறப்பது எவ்வாறு? பொறியியலாளர் ஒருவருக்குச் சிறு தாங்கி ஒன்று தேவைப்படுகின்றது. பழைய வரைபடங்களுள் அது இருக்கலாம். ஆயின், முன்னவர் அதற்குப் பிடி என்று பெயரிட்டாரோ, கொளுவி என்று பெயரிட்டாரோ, யார் அறிவார்? தேடுவதிலும் புதிதாக வரைவது எளிது. வரைந்துவிடுகிறார். அந்தப் புது வரைபடத்துக்கு ஓர் இலக்கம், ஓர் அச்சு, ஒரு சோதனை, களஞ்சியத்திலே ஓரிடம், பின்னாளில் உதிரியும் வேண்டும். செலவு வரைபடத்தோடு முடிவதில்லை.

இதனைத் தடுக்க 1960 களில் ஜேர்மனியின் ஆகன் நகரப் பேராசிரியர் ஒப்பிட்ஸ் ஒரு முறை கண்டார். உறுப்பின் உருவத்தை ஐந்து இலக்கங்களாலும், அளவு, உலோகம் முதலியவற்றை மேலும் நான்கு இலக்கங்களாலும் குறித்தார். ஒரே குடும்பத்து உறுப்புகள் அடுத்தடுத்த எண்களைப் பெற்றன. நல்ல முறையே, எனினும் ஒவ்வொரு வரைபடத்தையும் மனிதரே பார்த்து எண் இடவேண்டும். இருவர் பார்த்தால் இரண்டு எண் வருவதும் உண்டு.

கணினி காணும் விதம்

வரைபடங்கள் கணினிக்குள் முப்பரிமாண உருவங்களாய்ப் புகுந்தபின் வழி பிறந்தது. 2002 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முறையொன்றைக் காண்போம். உறுப்பின் மேற்பரப்பிலே கண்ட கண்ட இடத்தில் இரு புள்ளிகளை எடுத்து, அவற்றின் இடைத்தூரத்தைக் கணினி அளக்கின்றது. இவ்வாறு இலட்சக்கணக்கான சோடிகளை அளந்து, எத்தூரம் எத்தனை முறை வந்தது என ஒரு வளைகோடு வரைகின்றது. பந்துக்கு ஒரு வளைகோடு, நீண்ட தண்டுக்கு வேறொன்று. பொருளை எப்படிப் புரட்டினாலும் அக்கோடு மாறாது. கைரேகையை ஒப்பிடுவதுபோல், இரு கோடுகளை ஒப்பிட்டாற் போதும்; பெயரைக் கேட்க வேண்டியதில்லை. இவ்வாறு உருவத்தையே கொண்டு தேடும் மென்பொருள்கள் இன்று தொழிற்சாலைகளில் வழங்குகின்றன.

ஒப்புமை வேறு, ஒருமை வேறு

ஆயினும் மாணவர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். மேலே கூறிய முறைக்கு வலக்காற் செருப்பும் இடக்காற் செருப்பும் ஒன்றே; இடைத்தூரங்கள் மாறாவன்றோ! உருவத்திலும் அளவிலும் ஒத்த இரு உருக்கு மரையாணிகளுள் 8.8 என்னும் தரத்தது, 4.6 என்னும் தரத்ததைப்போல் இருமடங்கு இழுவலிமை உடையது. இவ்வேறுபாட்டை உருவம் சொல்லாது.

1990 ஜூன் 10 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட விமானமொன்றின் முன் கண்ணாடி நடுவானிலே பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. உடனிருந்தோர் அவரைப் பற்றிப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். எல்லோரும் உயிர் தப்பினர். காரணம் என்ன? முன்னாளிலே அக்கண்ணாடியை மாற்றியபோது, பழைய ஆணியோடு கண்ணால் ஒப்பிட்டே புதியன எடுக்கப்பட்டன. பூட்டிய 90 ஆணிகளுள் 84 இன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் இரு பங்களவு குறைந்திருந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இரண்டு. முதலாவது, ஏறக்குறைய ஒத்தவை ஒரே களஞ்சியத்தில் பெருகப் பெருக ஆபத்தும் பெருகும். ஆதலால் அவற்றைக் குறைப்பது சிக்கனம் மாத்திரமன்று, பாதுகாப்புமாகும். இரண்டாவது, ஒத்தவற்றைக் கூட்டி வந்து காட்டுவதே கணினியின் பணி. துளையின் அளவு, உலோகம், வலிமை, இடமோ வலமோ என்பவற்றைச் சரிபார்த்து, இதுவே இனி நம் தராதரம் எனத் தீர்ப்பளிப்பது பொறியியலாளரின் பணி. அவர் விலக்கிய உறுப்புகள் புதிய வேலைக்கு ஆகா எனக் குறிக்கப்படும். எனினும் அவற்றின் வரைபடங்கள் அழிக்கப்படமாட்டா. பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன, அவற்றுக்கு உதிரி வேண்டுமல்லவா?

புதியது படைப்பதே பொறியியல் என எண்ணுகிறோம். உள்ளதைத் தேடிக் கண்டு, ஆராய்ந்து, மீண்டும் பயன்படுத்துவதும் அக்கலையின் ஒரு கூறே என்பதை நாளைய பொறியியலாளராகும் நம் மாணவர்கள் மறவாதிருப்பாராக.