காரில் எரியும் விளக்குகளும் பங்க்கில் நிரம்பும் எரிபொருளும்

காரின் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், இன்ஜின் ஓடத் தொடங்குவதற்கு முன்பாகவே, ஓட்டுநருக்கு எதிரேயுள்ள டாஷ்போர்டில் பத்துப் பதினைந்து விளக்குகள் ஒருசேர எரிந்து, சில விநாடிகளில் ஒவ்வொன்றாக அணைகின்றன. பெரும்பாலோர் கவனியாமல் கடந்துவிடும் இந்தக் காட்சி, எச்சரிக்கை விளக்குகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காரே தனக்குச் செய்துகொள்ளும் சோதனையாகும். ஒரு விளக்கு அணையாமல் நின்றுவிட்டால் அது காட்டும் உறுப்பில் பழுது இருக்கிறது என்று பொருள். எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லையென்றால் அது அதைவிட மோசமான செய்தி, ஏனெனில் பழுது வந்தாலும் இனி அது தெரியப்போவதில்லை. பழைய கார் வாங்குவோர் இந்தச் சில விநாடிகளைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல், அதன் விளக்கை மட்டும் செயலிழக்கச் செய்து விற்கும் வழக்கம் சந்தையில் உண்டு.

இந்தக் குறியீடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக மாறுபடாதவாறு ஐஎஸ்ஓ 2575 என்னும் சர்வதேசத் தரநிலை அவற்றை ஒழுங்குபடுத்துகிறது. உருவங்களை மனப்பாடம் செய்ய இயலாதவர்களும் நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்பதற்கான வெறும் தகவல்கள், மஞ்சள், வண்டியை ஓட்டலாம், ஆனால் விரைவில் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்பதற்கான அறிவிப்பு, சிவப்பு, பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்து என்னும் கட்டளை. நடைமுறையில் இது தலைகீழாகவே நிகழ்கிறது. இன்ஜின் உருவத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறிப்போகிறவர்கள், சிவப்பு எண்ணெய் விளக்கு எரியும்போது ‘வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டிச் செல்கிறார்கள். பெட்ரோல் பங்க்கிலும் இதே கதைதான். அங்கே எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு அஞ்சாமல், வேறொன்றுக்கு அஞ்சும் பழக்கம் ஊன்றிப் போயிருக்கிறது.

மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழும் எண்ணெய்க் கிண்டியின் உருவத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கை முதலில் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு காரின் விலையில் கணிசமான பங்கை ஒருசில நிமிடங்களில் அழிக்கக்கூடிய பழுதை அறிவிப்பது அதுவே. அது காட்டுவது இன்ஜின் ஆயிலின் அளவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. இன்ஜினுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கை நேரடியாகத் தொடுவதில்லை. பம்ப் அழுத்தி அனுப்பும் மெல்லிய ஆயில் படலத்தின்மீது மிதந்தபடியே அது சுழல்கிறது. அழுத்தம் போனால் அந்தப் படலம் போய்விடும், உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறி இறுகிவிடும். ஓடும்போது பல பார் அளவில் இருக்க வேண்டிய இந்த அழுத்தம், பொதுவாக அரை பாருக்கும் கீழே இறங்கிய பிறகே விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் செயல்படுகிறது என்பதால், விளக்கு எரியும் நேரத்தில் முன்னெச்சரிக்கைக்கான காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது. ஆகவே உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, சமதளத்தில் சில நிமிடங்கள் பொறுத்து, ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்துச் செருகி மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் உரிய ஆயிலை ஊற்றலாம், அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதுதான் வழி. வளைவுகளில் திரும்பும்போது மட்டும் கண்சிமிட்டிவிட்டு அணைவதும் ஆயில் குறைந்திருப்பதற்கான அடையாளமே.

அலைகளின்மேல் நிற்கும் வெப்பமானியின் உருவம் சிவப்பாக எரிந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்று பொருள். சில கார்களில் இதே உருவம் நீல நிறத்தில் காலையில் சிறிது நேரம் எரியும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஏசியை முழுவதும் வைத்துக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் காரில் சிவப்பு எரிந்தால், ஏசியை அணைத்து, பாதுகாப்பாக ஒதுங்கி, இன்ஜினை நிறுத்திப் பானட்டைத் திறந்துவைத்து ஆறவிட வேண்டுமே தவிர, தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் மூடிய குழாய்களில் அழுத்தத்துக்கு உட்பட்டு இருப்பதால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறக்கப்பட்ட அந்த நொடியில் அழுத்தம் விடுபட்டு, அது முழுவதும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் பீறிடும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி இட்ட சிவப்பு விளக்கு, ஹேண்ட் பிரேக் போடப்பட்டிருப்பதையும் பிரேக் திரவம் குறைந்திருப்பதையும் ஒருங்கே குறிப்பது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் அது எரிந்தால் திரவம் கசிகிறது, அல்லது பிரேக் பேட்கள் தேய்ந்து திரவ மட்டம் இறங்கியிருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிப்புத் தளரும், அதை அறிவிக்கும் விளக்கு பெரும்பாலான கார்களில் கிடையாது, கீழ் கியரில் இறங்குவதே அதற்கு மருந்து. பேட்டரி உருவம் எரிந்தால் பழுது பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கும். சேமிப்பில் உள்ள மின்சாரம் தீரும்வரைதான் கார் ஓடும் என்பதால், தேவையற்ற மின்கருவிகளை அணைத்துவிட்டு அருகிலுள்ள மெக்கானிக்கிடம் போய்ச் சேர வேண்டும்.

எல்லோரையும் அச்சுறுத்தும் மஞ்சள் இன்ஜின் விளக்கின் பிறப்பே வேறு. புகைமாசால் அவதிப்பட்ட அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் பழுதானால் கார் தானே அதைக் கண்டறிந்து ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கட்டாயமாக்கியது. 1996-இல் அதன் விரிவான வடிவம் அந்நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. இந்தியாவிலும் மாசு விதிகளோடு சேர்ந்தே அது படிப்படியாக வந்தது. எனவே இவ்விளக்கு முதன்மையாகச் சொல்வது புகை சரியில்லை என்பதைத்தான். ஸ்டீயரிங்கின் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியெண் கிடைக்கும். உதாரணமாக ‘பி0300’ என்பது சிலிண்டர்களில் எரிப்பு தவறுகிறது என்பதைக் குறிக்கும். குறியெண்ணை அழித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக் பழுதைச் சரிசெய்ததாகாது. நிலையாக எரியும்போது வண்டி இயல்பாக ஓடினால் ஓரிரு நாளில் காட்டலாம். விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் அதைச் சிவப்பாகவே கருத வேண்டும், ஏனெனில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டிக்குள் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும்.

ஏபிஎஸ் என்ற எழுத்துகள் மஞ்சளாக எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு மட்டும் இயங்காது. குதிரை லாடம் போன்ற உருவம் டயரில் காற்றுக் குறைவைச் சொல்வது. டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டதைக் காட்டும் விளக்கு, நகருக்குள் மட்டுமே சிறுதூரம் ஓடும் வண்டிகளில் அடிக்கடி எரியும். நெடுஞ்சாலையில் கையேடு சொல்லும் வேகத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால் சேர்ந்த கரி எரிந்துபோகும்.

எரிபொருள் காட்டியில் பம்ப் உருவத்தின் பக்கத்தில் சிறிய முக்கோண அம்பு ஒன்று இருப்பதைப் பல ஆண்டுகள் கார் ஓட்டியவர்களும் கவனித்திருப்பதில்லை. டேங்க் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் மொய்லன், 1986-இல் மழையில் பங்க்குக்குப் போய், பம்ப்புக்குத் தவறான பக்கத்தில் வண்டியை நிறுத்தி நனைந்த பிறகு முன்வைத்த யோசனை இது. 1989-ஆம் ஆண்டு மாடல்களில் அறிமுகமாகி உலகம் முழுவதும் பரவிவிட்டது. அந்தக் காட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ‘ரிசர்வ் இருக்கிறது’ என்று ஓட்டுவது சிக்கனமாகாது. டேங்க்குக்குள் அமர்ந்திருக்கும் மின்பம்ப் தன்னைச் சூழ்ந்த பெட்ரோலாலேயே குளிர்விக்கப்படுகிறது என்பதால், டேங்க்கை அடிக்கடி வற்றவிடுவது பம்ப்பின் ஆயுளைக் குறைக்கும்.

பங்க்கில் எரிவது பெட்ரோல் என்னும் நீர்மம் என்பதைவிட, அதிலிருந்து எழும் ஆவி என்பதே சரி. ஒரு நீர்மத்தின் ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பர். பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ், ஆகவே எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் நாசிலைச் சுற்றிலும் தீப்பற்றத்தக்க ஆவி இருந்தே தீரும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமான அந்த ஆவி மேலே கலைந்துபோகாமல் தரையோடு படர்வதால், சற்றுத் தள்ளிக் கிடக்கும் அணையாத தீக்குச்சியும் தீக்கு வழிகாட்டிவிடும்.

இந்த ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலின் கால் பங்கு ஆற்றல்கொண்ட பொறி போதும். கார் இருக்கையில் உரசி எழும்போது உடலில் ஏறும் நிலைமின்சாரம் அதைவிடப் பெரிய பொறியைத் தரவல்லது. அமெரிக்காவில் வாடிக்கையாளரே நிரப்பிக்கொள்ளும் பங்க்குகளில், நாசிலைப் பொருத்திவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து மீண்டும் வந்து அதைத் தொட்டவர்களால் தீ விபத்துகள் நிகழ்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஊழியரே நிரப்புவதாலும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் தங்காததாலும் இந்த ஆபத்து இங்கே குறைவு. கைபேசி அலைகளால் பங்க்கில் தீப்பிடித்ததாக ஐயமற நிறுவப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை. கைபேசியைத் தடைசெய்யும் பலகையும், அதே கைபேசியால் பணம் கட்டச் சொல்லும் க்யூஆர் அட்டையும் ஒரே இடத்தில் தொங்குவதன் வேடிக்கையும் இதனால்தான். நிரப்பும்போது பேசாதிருப்பதில் தவறில்லை, பணம் கட்டச் சற்றுத் தள்ளிப் போவதும் நல்லதே. ஆனால் கைபேசிக்கு இத்தனை அஞ்சுகிறவர்கள் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டபடி பெட்ரோல் போடச் சொல்வதும், பைக்கைவிட்டு இறங்காமல் சூடான இன்ஜினுக்கு மேலே உள்ள டேங்க்கைத் திறந்து நீட்டுவதும்தான் உண்மையான கவலைக்குரியவை. நாசில் வாயில் தீ தோன்றிவிட்டால் அதை உருவி எடுக்கக் கூடாது. எடுத்தால் எரியும் பெட்ரோல் சுற்றிலும் சிதறும். அதை அப்படியே விட்டு விலகி, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும்.

நாசிலின் முனையில், பெட்ரோல் வரும் பெரிய வாய்க்கு அருகே, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தால் உண்டாகும் உறிஞ்சல், இந்தத் துளை வழியாகக் காற்றை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கிறது. டேங்க் நிறைந்து பெட்ரோல் துளையை மூடியதும் காற்று வரத்து நின்று, கைப்பிடிக்குள் உள்ள சவ்வு இழுபட்டு, ‘டக்’கென்ற ஓசையோடு அடைப்பு விழுகிறது. மின்சாரமோ கணினியோ இல்லாத இந்த ஏற்பாடு சொல்வதைக் கேட்காமல், தொகையை ரவுண்டாக்குவதற்காக வண்டியை ஆட்டி ஆட்டி மேலும் அரை லிட்டரை ஏற்றும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. டேங்க்கின் மேற்பகுதி ஆவி தங்குவதற்காகவும் நீர்மம் விரிவதற்காகவும் விடப்பட்ட இடம். அதையும் நிரப்பினால் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியே போய், ஆவியை ஈர்த்துவைக்கும் கரிப்பெட்டியை நனைத்துக் கெடுக்கும், பிறகு அதே மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். ஆகவே முதல் ‘டக்’கோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். கோடையில் ஃபுல் டேங்க் போட்டால் கார் வெடிக்கும் என்று ஆண்டுதோறும் சுற்றுக்கு வரும் வதந்தியை இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்திருக்கிறது. கார் நிறுவனம் குறிப்பிட்ட கொள்ளளவுவரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம். சிஎன்ஜி வண்டிகளில் மட்டும் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் ஏற்றப்படுவதால், எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியை மழையைச் சாக்கிட்டுத் தளர்த்தக் கூடாது.

‘ஜீரோ பார்த்துக்குங்க சார்’ என்று ஊழியர் சொல்லும்போது மீட்டரோடு சேர்த்து அவர் கையிலுள்ள நாசிலையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரே மாடல் கார் பெட்ரோலிலும் டீசலிலும் வருகிறது, பெட்ரோல் நாசில் டீசல் காரின் டேங்க் வாயில் தாராளமாக நுழைந்தும் விடுகிறது. டேங்க் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்லும் ஒரு வார்த்தையும்தான் தடை. டீசல் காரின் உயர் அழுத்தப் பம்ப்புக்கு மசகாக இருப்பது டீசலே. பெட்ரோல் கலந்தால் அந்த மசகு போய், தேய்ந்து உதிரும் உலோகத் துகள் இன்ஜெக்டர்வரை பரவும். தவறு தெரிந்த நொடியில் சாவியை ‘ஆன்’ நிலைக்குக்கூடத் திருப்பாமல், ஏனெனில் பல கார்களில் அதற்குள் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும், வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி டேங்க்கைக் காலி செய்தால் போதும். இன்ஜினை ஓட்டிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர், குழாய்கள் என்று அனைத்தையும் மாற்ற நேரிடலாம்.