புரவி கற்பிக்கும் பாடம்

நுழையும்முன்

பிறரை வழிநடத்த விரும்புவோர் முதலில் தம் மனத்தை வழிநடத்தக் கற்க வேண்டும். இதைச் சொற்களால் கற்பிப்பது அரிது. சொல்லை அறியாத ஓர் உயிரோ இதனை எளிதாகக் கற்பித்துவிடுகிறது. மனிதரின் சினத்தையும் அச்சத்தையும் உடலசைவிலேயே கண்டுகொள்ளும் குதிரையிடம் நாம் கற்கத்தக்கவை எவை?

மண்ணும் புரவியும்

திண்டுக்கல் மாவட்டத்திற்குக் குதிரை புதியதன்று. பழனி அடிவாரத்தில் அடியார்களை ஏற்றிச்செல்லும் குதிரை வண்டிகளையும், கொடைக்கானல் ஏரிக்கரையில் பயணியரைச் சுமந்து செல்லும் குதிரைகளையும் நீங்கள் கண்டிருக்கலாம். தேர்ந்த வண்டியோட்டி சாட்டையை அரிதாகவே ஓங்குவார். நாவினால் ஒரு சிறு ஒலி, கடிவாள வாரில் ஒரு மெல்லிய அசைவு. குதிரைக்கு அவை போதும்.

ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள விருப்பாச்சி, விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் இருந்து படை திரட்டினார். ஐதர் அலியின் உதவியையும் நாடிப் பெற்றார். 1780இல் சிவகங்கையை மீட்டார். அவர் இளமையில் கற்ற கலைகளுள் குதிரையேற்றமும் ஒன்று. துயரமும் சினமும் சூழ்ந்த நிலையிலும் நிதானம் இழவாமல் எட்டு ஆண்டுகள் காத்திருந்து செயலாற்றிய அவரது வாழ்வு, தன்னை ஆள்பவரே பிறரை ஆளவல்லார் என்பதற்குச் சான்று.

மெய்ப்பாட்டைப் படிக்கும் உயிர்

குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாகக்கூடிய உயிரினம், கூட்டமாக வாழ்வது. ஆபத்தை முன்கூட்டியே உணர்வதைப் பொறுத்தே அதன் வாழ்வு அமைந்தது. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண இயலும். ஒவ்வொரு செவியையும் தனித்தனியே திருப்பி, ஒலி வரும் திசையை அறியும். உடனிருப்போரின் உடல் இறுக்கத்தையும் அது கவனிக்கும்.

இதை உலகிற்கு உணர்த்தியது ஒரு புதிர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குகளுக்கு விடை கூறிப் புகழ் பெற்றது. விடை எட்டு எனில், குளம்பினால் எட்டு முறை தரையைத் தட்டி நிறுத்தும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் உளவியலாளர் இதனை ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். வினவுபவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறியது. அவரைக் காண இயலாதபோதும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் வினவுபவரின் தலை அவரையறியாமலே சிறிது அசைந்தது. உடல் இறுக்கம் தளர்ந்தது. அந்நுண்ணிய மாற்றத்தைக் கண்டே ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. அது படித்தது கணக்கையன்று, மனிதரை.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 28 குதிரைகளிடம் மனித முகங்களின் ஒளிப்படங்கள் காட்டப்பட்டன. சினந்த முகத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவாக உயர்ந்தது.

கயிற்றின் இரு முனைகள்

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து, அதற்கேற்பச் சிந்தித்துச் செயலாற்றும் திறனை மனவெழுச்சி நுண்ணறிவு என்பர். 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் உளவியலாளர்கள் இக்கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தனர். இத்திறனை வளர்க்கும் பயிற்சிகளில் குதிரைகள் இன்று பல நாடுகளில் இடம்பெறுகின்றன.

இப்பயிற்சியில் பெரும்பாலும் குதிரைமீது ஏறுவதில்லை. பயிற்சி பெறுபவர் கயிற்றைப் பிடித்துக் குதிரையை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் பதற்றத்துடன் கயிற்றை இழுத்தால் குதிரை கால்களை ஊன்றி நின்றுவிடலாம். அவர் தயங்கினால், அது புல்லை மேயத் தொடங்கலாம். மூச்சைச் சீராக்கி, தோள்களைத் தளர்த்தி, செல்லும் திசையை நோக்கி அவர் தெளிவாக அடியெடுத்து வைக்கும்போது, பெரும்பாலும் குதிரையும் உடன் நடக்கிறது. பின்னர்ப் பயிற்றுநர் வினவுவார்: “குதிரை நின்றபோது உம் மனத்தில் என்ன இருந்தது?” கற்றல் அவ்வினாவில்தான் தொடங்குகிறது.

ஐதராபாத்தில் உள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் கழகத்தில் இந்தியக் காவல் பணி அலுவலர்களுக்குக் குதிரையேற்றமும் பயிற்றுவிக்கப்படுகிறது. பதவியும் சீருடையும் குதிரைக்குப் பொருளற்றவை. அச்சம் மேலிட்ட கணத்திலும் நிதானம் காக்கும் பழக்கமே அங்குத் துணைசெய்யும்.

தெரிந்து தெளிவோம்

பரி, புரவி, மா, இவுளி என்பன குதிரையைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள். கடையெழு வள்ளல்களான காரி, ஓரி ஆகியோரின் குதிரைகளும் முறையே காரி, ஓரி எனவே பெயர் பெற்றிருந்தன. இச்செய்தி சிறுபாணாற்றுப்படையில் இடம்பெற்றுள்ளது.

தலைமையின் பொறுப்பு

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டிற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியே இறக்குமதி செய்யப்பட்டன. அவற்றுள் மிகுதியானவை விரைவிலேயே இறந்தன என்றும், பேணும் முறை அறிந்தவர் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற குதிரையையும் அதன் இயல்பறியாதவர் காக்க இயலாது. மனிதரை வழிநடத்துவதற்கும் இது பொருந்தும். தம்மைச் சார்ந்தோரின் தேவையை அறியாதவரிடம் எத்தனைபேர் இருந்தும் பயனில்லை.

குதிரை நம் எண்ணங்களை அறிவதில்லை. நம் நற்பண்புகளுக்குச் சான்றிதழ் வழங்குவதுமில்லை. அந்தக் கணத்தில் நம் உடலில் வெளிப்படும் உணர்வுக்கு ஒளிவுமறைவின்றி எதிர்வினை காட்டுகிறது, அவ்வளவே. அவ்வெதிர்வினையைக் கண்டு தம்மைத் திருத்திக்கொள்வது மனிதரின் கடமை.

குதிரையிடம் பயில எல்லாருக்கும் வாய்ப்பு அமையாது. ஆயினும் வகுப்புத் தலைவராகவோ விளையாட்டு அணியின் தலைவராகவோ நீங்கள் நிற்கும்போது, உடனிருப்போர் பின்தொடர மறுக்கலாம். அப்போது குரலை உயர்த்துவதற்குமுன் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் கை யாருடையது என எண்ணிப் பாருங்கள். அது உங்களுடையதே.