உங்களுக்குத் தெரியுமா? லயத்துப் பக்கம் ஒரு பேய்ப்படம்

பேய்ப்படம் என்றாலே முதலில் புகை வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்தச் செலவு மிச்சம். பின்னேரப் பனிமூட்டத்தில் ஒரு டோர்ச் அடித்தால், ஒளிக்கற்றை தடிபோல நீண்டு தெரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வெளிக்குளிரில் கிடந்த கமராவை அடுப்பெரியும் காம்பராவுக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பைக்குள் வைத்து மூடி, சூடு ஏறிய பிறகே எடுக்க வேண்டும்.

*

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை வைத்து 1954-இல் ஹொலிவூட் ‘எலிஃபண்ட் வாக்’ என்ற படத்தை வெளியிட்டது. செத்துப்போன பெரிய துரையின் நினைவு பங்களாவையே ஆட்டிவைக்கும் கதை. நாயகி விவியன் லீ படப்பிடிப்பின் நடுவில் நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் வந்தார். ஆனால் தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் நடப்பது இன்னமும் விவியன் லீதான்! பேயே இல்லாத படத்தில் ஆள்மாறாட்டம். பங்களாவுக்குக் கீழே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களின் பயம் என்னவென்று அந்தக் கமரா எட்டிப் பார்க்கவில்லை.

*

தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் மலையகத்தில் காவல் தெய்வம் உண்டு. பெயர் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்) என்று மலையில் வேலை நடக்கும் இடத்தில் கவ்வாத்துசாமி. (வெள்ளைக் கவுன் போட்ட பேயை இறக்குமதி செய்யும் தம்பிமார் கவனிக்கவும்.)

*

இந்தியில் பேய்ப்படம் எடுத்த ராம்சே சகோதரர்களின் ‘தோ கஸ் ஸமீன் கே நீச்சே’ (1972) மகாபலேஸ்வர் மலையில் சுமார் 40 நாளில், மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் முடிந்ததாகச் சொல்வார்கள். இயக்கம், கமரா, ஒலி எல்லாம் அண்ணன் தம்பிகளே. சம்பளப் பட்டியல் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

*

‘பரநோர்மல் அக்டிவிட்டி’ என்ற பேய்ப்படத்தைச் சுமார் 15,000 டொலரில் இயக்குநர் ஓரன் பேலி தன் சொந்த வீட்டிலேயே எடுத்தார். பெரும்பாலும் அசையாமல் நிற்கும் ஒரு கமராவும் ஒரு படுக்கையறையும்தான் பயமுறுத்தின. லயக் காம்பராவில் கமராவை நகர்த்த இடமில்லை என்று கவலைப்படுபவர்களுக்கு இது ஆறுதல்.

*

‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) படத்தில் ஓடும் இரத்தம் சொக்லேட் பாகு. கறுப்பு வெள்ளை என்பதால் தப்பியது.

*

இலங்கையின் முதல் 35 மி.மீ. தமிழ்ப் படம் ‘தோட்டக்காரி’ (1963). வி.பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975) படத்துக்கும் தோட்டம்தான் களம். இரண்டுமே பேய்ப்படமல்ல.

*

பின்னணி இசைக்குத் தப்பு போதும். ஈரக் குளிரில் அதன் தோல் தளர்ந்துவிடும் என்பதால், அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவார்கள். பேய்ப்படத்துக்குக் காய்ச்சாமலே ஒருமுறை அடித்துப் பதிவுசெய்து பாருங்கள். அந்தத் தொய்ந்த சத்தம் அடிவயிற்றைப் பிசையும். ஆனால் மழை நாளில் வேண்டாம். லயத்துத் தகரக் கூரையில் மழை இறங்கினால் தப்பும் கேட்காது, பேயும் கேட்காது.