மகிழுந்துகளின் செலுத்தமைப்பு வகைகள்

செலுத்தமைப்பு என்பது மகிழுந்தின் பொறி உருவாக்கும் ஆற்றலைத் தேவையான வேகத்திலும் முறுக்கு விசையிலும் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் உறுப்புத் தொகுதி ஆகும். வழக்கில் இது கியர் பெட்டி எனப்படுகிறது. பெட்ரோல் அல்லது டீசல் பொறி மட்டும் கொண்ட செடான் மகிழுந்துகளிலும், பொறியுடன் மின்னோடியும் கொண்ட கலப்பு (ஹைபிரிட்) செடான்களிலும் இதன் அமைப்பு வேறுபடலாம்.

தேவை

எரிபொருள் பொறி ஒரு குறிப்பிட்ட சுழல்வேக எல்லைக்குள்தான் போதிய முறுக்கு விசையைத் தரும். எனவே அதற்குப் பல கியர்கள் தேவைப்படுகின்றன. மின்னோடி சுழலத் தொடங்கும்போதே மிகுந்த முறுக்கு விசையைத் தரவல்லது.

கலப்பற்ற மகிழுந்துகளில்

* கைமுறை: ஓட்டுநரே கிளட்சை மிதித்துக் கியரை மாற்றுவார்.
* தானியக்கக் கைமுறை (ஏஎம்டி): கைமுறைப் பெட்டியின் கிளட்சையும் கியரையும் கருவிகள் இயக்கும். மாருதி டிசையரில் இவ்வகை உண்டு.
* முறுக்குவிசை மாற்றி: கிளட்சுக்கு மாற்றாகப் பாய்மம் ஆற்றலைக் கடத்தும்.
* இரட்டைக் கிளட்ச்: ஒற்றைப்படை, இரட்டைப்படை கியர்களுக்குத் தனித்தனிக் கிளட்சுகள் உள்ளன. காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னாவில் 7 கியர்கள் கொண்ட இவ்வகை உண்டு.
* தொடர்மாறு வகை (சிவிடி): விட்டம் மாறும் இரு கப்பிகளை ஓர் உலோகப் பட்டை இணைக்கும்.

கலப்பு மகிழுந்துகளில்

மென்கலப்பு மகிழுந்தில் வழக்கமான கியர் பெட்டியே இருக்கும். 2015இல் வெளிவந்த மாருதி சியாஸ் கலப்பு வகை 5 கியர் கைமுறைப் பெட்டியைக் கொண்டிருந்தது.

முழுக்கலப்பில் நிலைமை வேறு. 2013 முதல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் தொகுக்கப்பட்ட டொயோட்டா காம்ரி கலப்பு வகையில் பொறி, மின்னாக்கி, மின்னோடி ஆகிய மூன்றும் கோள் பற்சக்கரத் தொகுதியால் இணைக்கப்படுகின்றன. 2022இல் வெளிவந்த ஹோண்டா சிட்டி கலப்பு வகையில் பெரும்பாலான வேளைகளில் பொறி மின்னாக்கியைச் சுழற்ற, மின்னோடி சக்கரங்களை இயக்கும். சீரான உயர்வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் பொறியைச் சக்கரங்களுடன் நேரே இணைக்கும். இவ்விரண்டும் 'இ-சிவிடி' எனப்பட்டாலும், மேற்கூறிய சிவிடியின் கப்பியோ பட்டையோ இவற்றில் இல்லை.

ஓட்டும் முறை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் சமவெளிப் பகுதிகள். அங்குள்ள ஊர்ச் சாலைகளில் மாட்டுவண்டி, டிராக்டர், வேகத்தடை ஆகியவற்றுக்காக அடிக்கடி வேகம் குறைக்க நேரிடும். அப்போது முழுக்கலப்பு மகிழுந்தின் மின்னோடி மின்னாக்கியாக மாறி, வீணாகும் இயக்க ஆற்றலை மின்கலத்தில் சேமிக்கிறது. விழுப்புரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது இந்த ஆதாயம் குறையும்.

எரிபொருளைச் சேமிப்பதாகக் கருதி நியூட்ரலில் வண்டியை உருளவிடும் பழக்கம் இங்குப் பயன் தராது. நியூட்ரலில் சக்கரத்தின் ஆற்றல் மின்கலத்தைச் சென்றடையாது. கலப்பற்ற புதிய மகிழுந்துகளிலும் கியரில் வைத்தபடி முடுக்கியை விட்டால் எரிபொருள் பாய்வது தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ பொறி தொடர்ந்து எரிபொருளை உட்கொள்ளும். பொறியின் தடையாற்றலும் கிடைக்காது என்பதால் அப்பழக்கம் பாதுகாப்பானதும் அன்று.