கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் பாவாடை!

"அண்ணே, இதைக் கட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டப் போறேன். உடம்புக்கு ஆகுமா, ஆகாதான்னு நீ கூடவே நின்னு பாத்துச் சொல்லு!"

என் தங்கை இப்படிக் கேட்டதில் ஒரு குத்தல் இருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவள் கையில் இருந்தது ஒரு பாவாடை. 1895-ல் லண்டன் பிரிக்ஸ்டனைச் சேர்ந்த ஆலிஸ் பைக்ரேவ் என்ற தையல்காரப் பெண்மணி காப்புரிமை வாங்கிய சைக்கிள் பாவாடையின் நகல்! லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் சமூகவியலாளர் கேட் ஜங்னிக்கல், தன் குழுவோடு அந்தக் காலத்துப் பெண்களின் காப்புரிமைப் பத்திரங்களைத் தேடியெடுத்து, அதன்படியே உடைகளைத் தைத்து, போட்டுக்கொண்டு சைக்கிளும் ஓட்டிப் பார்த்தார். 2018-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். தையல் அளவுப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். தங்கை மகள் அதை பிரிண்ட் எடுத்துக் கொடுக்க, தங்கை நாலே நாளில் தைத்துவிட்டாள்.

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இடுப்பை இறுக்கும் கார்செட், அடுக்கடுக்காக உள்பாவாடைகள், அதற்கு மேல் தரையைப் பெருக்கிக்கொண்டு வரும் மேல்பாவாடை. உடைச் சீர்திருத்தத்துக்காக 1881-ல் லண்டனில் ஆரம்பித்த சங்கம், 'உள்ளாடைகளின் எடை 7 பவுண்டுக்கு மேல் வேண்டாம்' என்றது. கிட்டத்தட்ட 3 கிலோ. குறைத்துக் கேட்டதே 3 கிலோ என்றால், குறைக்காமல் எவ்வளவு சுமந்திருப்பார்கள்!

1885-ல் ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் வந்தது. 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அடுத்த சில வருடங்களில் பெண்களும் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். பாவாடை பெடலில் சிக்கும், சக்கரத்தில் சுற்றும். சரி, தொளதொள கால்சட்டை போடலாமென்றால் தெருவில் கேலி, கல்லெறி. 1898-ல் சர்ரே பகுதியில் ஹார்பர்ட்டன் சீமாட்டி அப்படிக் கால்சட்டையில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். காபி அறையில் இடமில்லை, மதுக்கடைப் பக்கம் வேண்டுமானால் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்குப் போட்டும் பலிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் பைக்ரேவ் அம்மாள் யோசித்தார். சைக்கிளில் ஏறும்போது பாவாடை உயர வேண்டும், இறங்கியதும் பழையபடி கௌரவமாகத் தொங்க வேண்டும். அவருடைய பெற்றோர் கடிகாரக் கடை வைத்திருந்தவர்கள், அந்த மூளை இவருக்கும் இருந்திருக்கிறது. முன்தையலிலும் பின்தையலிலும் உள்பக்கம் கயிறு ஓடுகிறது. இடுப்பருகே வரும் நுனியை இழுத்தால், வெயிலுக்குக் கட்டும் தட்டி மேலே ஏறுமே, அதுபோல துணி மடிந்து மடிந்து ஏறுகிறது! ஜேகர் கம்பெனி இதைத் தயாரித்து விற்றது. உடம்பை ஒட்டிக் கம்பளி உடுத்தினால் ஆரோக்கியம் என்று பிரசாரம் செய்த ஜெர்மன் பேராசிரியர் ஜேகரின் பெயரில் நடந்த கம்பெனி அது.

உடையைத் தையல்காரர்கள் சரி செய்துகொண்டிருக்க, டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'சைக்கிள் முகம்' என்று ஒரு புது வியாதியையே கண்டுபிடித்தார்கள்! முகம் சிவக்குமாம் அல்லது வெளுக்குமாம், கண்ணுக்குக் கீழே கருவளையம் வருமாம். கர்ப்பப்பைக்கு ஆகாது என்று சொன்னவர்களும் உண்டு. 1897-ல் சிகாகோவின் பெண் டாக்டர் சாரா ஹேக்கெட் ஸ்டீவன்சன், சைக்கிளால் எந்த உறுப்புக்கும் கெடுதி இல்லை, புதிதாகக் கற்பவர்களின் பயம்தான் முகத்தில் தெரிகிறது என்று எடுத்துச் சொன்னார்.

அந்த டாக்டர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 1987-ல் நான் சித்த மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். தங்கை பெரியவளாகி மூணு மாதம் ஆகியிருந்தது. "இனிமே சைக்கிள் ஓட்டலாமாடா?" என்று அப்பா என்னைக் கேட்டார். "அபான வாயு கெட்டுப் போகும்ப்பா, வேண்டாம்" என்றேன். படித்த பாடத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஊரில் சொன்னதற்கு நான் வைத்தியப் பெயர் சூட்டினேன், அவ்வளவுதான். அப்பா சைக்கிளை விற்றுவிட்டார். மேல்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி. பத்தாவதோடு அவள் படிப்பு நின்றது. தையல் பழகினாள்.

சரி, பரீட்சைக்கு வருவோம். காலை ஐந்தரை மணி, ஆளில்லாத தெரு. கம்பளிக்குப் பதில் கெட்டிக் காட்டன் துணி. முதலில் கயிற்றை இழுக்காமலே ஓட்டினாள். பத்தடி போவதற்குள் ஓரம் பெடலில் மாட்டி, தாவி இறங்கிவிட்டாள். அடுத்து கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு ஏறினாள். கால் தாராளமாகச் சுற்றியது! ஆனால் பாதி வழியில் முடிச்சு நழுவி, முன்பக்கம் சரசரவென்று இறங்கிவிட்டது. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கட்டுவது ஆபத்து. நிறுத்தி இரட்டை முடிச்சுப் போட்ட பிறகு நழுவவில்லை. பின்பக்கம் துணி மொத்தையாகச் சேர்ந்ததை மட்டும், "மெத்தை மாதிரி இருக்குண்ணே, நல்லதுதான்" என்றாள்.

கடைசியாக ஒரு சோதனை நான் சொன்னது. பிரசவத்துக்குப் பிறகு கட்டும் வயிற்று பெல்ட்டை, கார்செட் போல விலா எலும்பு வரை இறுக்கிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறச் சொன்னேன். பாதியிலேயே மூச்சு வாங்கி இறங்கிவிட்டாள். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. 'சைக்கிள் முகம்' இதுதானோ! பெல்ட்டைக் கழற்றி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு அதே மேட்டில் ஏறினாள். இந்தத் தடவை நிற்காமல் போனாள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், கீழ் விலா விரிய வேண்டும். இரண்டையும் கட்டிவைத்தால் மேட்டில் எப்படி ஏற முடியும்? (யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு இரண்டு விஷயம். துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், கழுத்தில் சுற்றித் தொங்கவிட வேண்டாம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். மாதவிலக்கு நாட்களிலும் ஓட்டலாம். வலியோ போக்கோ அதிகம் இருந்தால் மட்டும் ஓய்வெடுங்கள். கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"என்ன வைத்தியரே, அபான வாயு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் தங்கை. எனக்குப் பதில் வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். "பசிச்சா நீ வீட்டுக்குப் போண்ணே" என்று கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு, மறுபடி பாலத்துப் பக்கம் திரும்பிவிட்டாள்.