கைக்கு அடக்கமான பிரெஸ்: எங்கே வளைகிறது என்று பாருங்கள்

அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கெடு நெருங்குகிறது. அங்கிருக்கும் வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ரேஞ்சுக்கு எடுத்துப்போய்ச் சுட்ட தோட்டாவைத் திரும்ப நிரப்ப எந்தச் சின்ன பிரெஸ் வாங்கலாம்? சிலர் விளம்பரங்களையும் இணைத்திருக்கிறார்கள். பிரெஸ்ஸின் சட்டம் துளியும் வளையாது என்று சத்தியம் செய்யாத விளம்பரம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

அதை நம்ப வேண்டாம். இரும்போ அலுமினியமோ, விசை பட்டால் கொஞ்சமாவது நீளும். எவ்வளவு நீளுகிறது, எப்போது நீளுகிறது என்பதை விளம்பரம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள பிரெஸ்ஸின் கணுவைப் பார்க்க வேண்டும்.

கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது, கணுவில் மடங்கியிருக்கும் இரண்டு இணைப்புக் கட்டைகள் நிமிர்ந்து, தோட்டா உறையை, அதாவது கேஸைத் தாங்கும் ராமை மேலே தள்ளுகின்றன. கட்டைகள் இரண்டும் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்வோம். அவை நேர்கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருக்கும்போது, கணுவில் கொடுக்கும் விசை முழுதாகக்கூட ராமுக்குப் போய்ச் சேராது, 0.87 மடங்குதான். 10 பாகையில் அது 2.8 மடங்கு. 2 பாகையில் 14 மடங்கைத் தாண்டும். 1 பாகையில் கிட்டத்தட்ட 29. கைப்பிடியின் நீளத்தால் கிடைக்கும் பெருக்கம் இதற்கு மேல் தனிக் கணக்கு. கடைசி நூலளவில் ராம் நகர்வதே தெரியாது, ஆனால் விசை மட்டும் எகிறிக்கொண்டே போகும்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். கேஸ் கழுத்தாகக் குறுகும் இடமான தோளை, அதற்கு உருக்கொடுக்கும் டை அழுத்துவது அந்தக் கடைசி நூலளவில்தான்; விசை தேவைப்படும் இடத்தில் விசை கிடைத்துவிடுகிறது. ராம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதையும் உங்கள் கைபலம் முடிவு செய்வதில்லை, கட்டைகளின் நீளம் முடிவு செய்கிறது. ஆனால் டையை அழுத்தும் அதே விசைதான் பிரெஸ்ஸின் சட்டத்தையும் இழுக்கிறது. பட்டறையில் போல்ட் போட்டு இறுக்கிய கனத்த பிரெஸ்ஸில் இது பெரிய விஷயமில்லை. ஒரு பக்கம் திறந்த, இலேசான அலுமினியச் சட்டத்தில் வாய் விரிந்துகொடுக்கிறது. கைக்கோ இது எதுவும் தெரிவதில்லை. கைப்பிடி வெண்ணெயாக இறங்கும்.

எவ்வளவு விரிந்தால் சிக்கல்? தோளைப் பின்னுக்குத் தள்ளும் அளவு பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு. டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஆக ஆயிரத்தில் ஒரு பங்குக்கு டையைத் திருப்ப வேண்டியது சுமார் 5 பாகைதான். கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதைவிடக் குறைவு. இவ்வளவு நுணுக்கமாக டையை வைத்துவிட்டு, அதைவிட அதிகமாக விரியும் சட்டத்தில் அழுத்தினால் ஒவ்வொரு கேஸும் ஒவ்வொரு நீளத்தில் வரும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கேஸ் இல்லாமல் ராமை உச்சிக்கு ஏற்றி, ராமின் தலையிலுள்ள ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்குங்கள். இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. இப்போது எண்ணெய் தடவிய, ஏற்கெனவே சுட்ட கேஸ் ஒன்றைச் செருகி மறுபடி ஏற்றுங்கள். டைக்கும் ஹோல்டருக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிகிறதா? விளம்பரம் சொல்லாமல் விட்ட வளைவு அதுதான். சோதனைக்கு நீங்கள் சுடும் ரகத்தின் கேஸையே கொண்டுபோங்கள். சின்னக் கேஸைப் போட்டுக் காட்டினால் எந்த பிரெஸ்ஸும் பாஸாகிவிடும்.

அதனால் என் தீர்ப்பு கேஸைப் பொறுத்தது. லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1970களில் உருவாக்கிய 6 பிபிசி, பெஞ்ச்ரெஸ்ட்காரர்களின் செல்லப்பிள்ளை. குட்டைக் கேஸ்; அதே துப்பாக்கியில் சுட்டதையே நாள் முழுக்கத் திரும்ப நிரப்புவதால் அழுத்த வேண்டியதும் கொஞ்சம்தான். மேசை விளிம்பில் கவ்வும் ஹாரெல் காம்பாக்ட் மாதிரி ஒன்று அதற்குத் தாராளம். .308-உம் அதற்கு மேற்பட்டவையும் என்றால் கேஸை வீட்டிலேயே பெரிய பிரெஸ்ஸில் சரிசெய்துவிட்டு, ரேஞ்சில் வெடிமருந்து போட்டு குண்டு பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குண்டு பொருத்த வில்சன் கை டையும் சின்ன ஆர்பர் பிரெஸ்ஸும் போதும். அந்த வேலைக்குக் கணுவின் அசுர விசை தேவையில்லை. குண்டு கழுத்தில் இறங்கும் இறுக்கத்தைக் கை உணர்வதுதான் முக்கியம்.

மேசையே வேண்டாத லீ கைப்பிரெஸ் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். விலைக்கு மோசமில்லை. ஆனால் இரண்டு கைகளாலும் நெருக்குவதில் ஒருநாள் முழுசாக மூடும், களைத்த கையில் ஒருநாள் மூடாது. கணு நிமிராமல் நின்றுவிட்டால் மேலே சொன்ன துல்லியமெல்லாம் போயிற்று.

மீதிக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

.22 ரிம்ஃபயர் தோட்டாவை நிரப்பலாமா? பற்றும் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. இந்த பிரெஸ்கள் எதற்கும் அது சரிப்படாது.

உரிமம் வேண்டுமா? சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி வேண்டாம். விற்கும் தொழிலென்றால் டைப் 06 உரிமம் வேண்டும். மாநில விதியையும் ரேஞ்சின் விதியையும் தனியே விசாரியுங்கள்.

காற்றில் மருந்துத் தராசு ஆடுகிறதே? ஆடும், பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் அதனால்தான் கொள்ளளவால் அளக்கும் கருவியை மேசையில் கவ்வி வைத்துக்கொள்கிறார்கள்.

திரும்ப நிரப்பிய தோட்டாவைச் சுட்டால் உத்தரவாதம் செல்லாது என்று துப்பாக்கிக் கம்பெனி சொல்கிறதே? தன் தலையைக் காத்துக்கொள்ள எழுதிய வரி, ஆனாலும் மருந்து அளவு தப்பி வெடித்த துப்பாக்கிகள் கட்டுக்கதை அல்ல.

விமானத்தில்? பிரெஸ் வரலாம், மருந்தும் பிரைமரும் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் சென்னையில் தோட்டா நிரப்பலாமா? 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவைப் படித்துவிட்டு, பெட்டி கட்டும் முன்பே வக்கீலைப் பாருங்கள்.