கொலஸ்ட்ரால் குடியிருக்கும் இடம்

குடியால் ஈரல் சுருங்கி, நோய் முற்றியவர்கள் சிலரது ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டத் தட்டுபோல இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் ஓரமெல்லாம் முள் முளைத்துக் கிடக்கும். ஹீமோகுளோபினில் கோளாறில்லை. சவ்வில் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது, அவ்வளவுதான். சாதாரணமாக, சிவப்பணுச் சவ்வில் சவ்வின் அடிப்படைக் கொழுப்பான பாஸ்போலிப்பிட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கொலஸ்ட்ரால் இருக்கும். அது எக்கச்சக்கமாக ஏறினால் சவ்வு விறைத்துப்போகும். மண்ணீரலின் ஒரு மைக்ரான் இடுக்குகளில் வளைந்து நுழைய முடியாமல் அணு மாட்டிக்கொண்டு அங்கேயே அழியும்; ரத்தசோகை வரும். வேறொருவரின் நல்ல ரத்தத்தை ஏற்றினாலும், அந்த அணுக்களுக்கும் கொஞ்ச நாளில் முள் முளைத்துவிடும்.

சரி, குறைந்தால் நல்லதா? கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசி நொதி ஒன்று பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. உறுப்புக் குறைபாடும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்தே வருகின்றன.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் வரும் எண், ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் கொலஸ்ட்ராலை மட்டும்தான் சொல்கிறது. உடம்பின் சரக்கில் பெரும்பங்கு இருப்பது செல்களின் சவ்வுகளில். மூளையில் மட்டும் சுமார் கால்வாசி. அதையும் மூளையே தயாரித்துக்கொள்கிறது.

நான்கு வளையங்கள் ஒட்டிய, வளையாத மூலக்கூறு இது. நெளிந்தாடும் கொழுப்பு வால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, பக்கத்து வால்களை நிமிர்த்தி வைக்கும். சவ்வு தடிக்கும், கசிவு குறையும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைகிறதே, நேரான வால்கள் நெருங்கி அடுக்கிக்கொண்டால் சவ்வும் அப்படி இறுகும். அதற்கும் கொலஸ்ட்ரால் இடம் கொடுக்காது. செல்லின் வெளிச்சவ்வுக் கொழுப்பில் 30 முதல் 40 சதவீதம் இதுவே. உள்ளே, எண்டோபிளாச வலையில் 5 சதவீதம்தான்; அந்த 5-க்குக் கீழே இறங்கினால் தயாரிப்பைக் கூட்டச் சொல்லிச் செல்லுக்கு உத்தரவு பிறக்கிறது.

வெளிச்சவ்வுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. கொலஸ்ட்ராலும் நேர்வால் கொழுப்புகளும் கூடி, சில புரதங்களைச் சேர்த்துக்கொண்டு நகரும் திட்டுகள் உண்டு என்று 1997-இல் கை சைமன்ஸும் எலினா இக்கோனனும் எழுதினார்கள். தெப்பங்கள் என்று பெயர். செயற்கைக் கொழுப்புக் குமிழியைக் குளிரவைத்தால் கண்ணெதிரே கருவட்டங்கள் தோன்றி, ஒன்றோடொன்று மோதிக் கலக்கின்றன. உயிருள்ள செல்லில் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிவதில்லை என்று ஐயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். ஹைதராபாத்தின் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையத்தில் அமிதாப சட்டோபாத்யாயாவின் குழு, மாட்டு மூளைச் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்தபோது செரட்டோனின் ஏற்பியின் பிடிப்பு தளர்ந்தது. திரும்ப ஊட்டியதும் மீண்டது. சவ்வின் வேலைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும் என்பதற்கு எனக்கு இது போதும்.

இத்தனை வேலை பார்க்கும் ஒரு பொருளின் பெயரை வைத்துப் பயமுறுத்தியே வியாபாரம் நடக்கிறது என்பதுதான் என் ஆத்திரம். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல்லைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் சொல்வது சரி. மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது எந்த ஊர் நியாயம்? எள்ளோ கடலையோ எண்ணெய்ப் பனையோ, செடிகொடிகள் தங்கள் சவ்வுக்கு கொலஸ்ட்ராலுக்கு உறவான வேறு ஸ்டெரால்களை வைத்திருக்கின்றன. அவற்றின் எண்ணெயில் கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்கிற அளவில் ஒருநாளும் இருந்ததில்லை. பாமாயிலிலும் இல்லைதான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். அந்த விவரம் பாக்கெட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.